விலைக்கு வேலி கட்ட முயன்றவர்

அலுவிகாரை என்ற பெயரைக் கேட்டதும் கற்றவர் நெஞ்சில் முதலில் எழுவது ஏட்டுச் சுவடியே. மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறக்குறைய இரண்டு மைல் கடந்தால், மலை வெடித்துப் பிளந்தாற்போல் நிற்கும் பாறைகளுக்கிடையே இவ்வூர்க் குகைக் கோயில்கள் தென்படும். அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் காலத்தில், இவ்விடத்தில்தான் முதன்முதலாக ஏட்டில் ஏறியது என்பது மரபு. யாத்திரிகர் வருகின்றனர், பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிக் காட்டுவதைக் கண்டு வியக்கின்றனர், வணங்கித் திரும்புகின்றனர்.

ஏன் எழுதினார்கள் என்ற வினாவை எழுப்புவோர் குறைவு. அக்காலத்தில் நாட்டிலே படையெடுப்பும் குழப்பமும் இருந்தன. அவற்றோடு கொடிய பஞ்சமும் வந்தது. பன்னிரண்டு ஆண்டு நீடித்த பஞ்சம் என்று பௌத்த மரபு அதனைக் கூறும். கிழங்கையும் வேரையும் உண்டு உயிர் தரித்த துறவிகள் சிலர், கடல் கடந்து மறுகரை சேர்ந்தோர் சிலர், மாண்டோர் பலர். மறை முழுவதும் மனிதர் நினைவிலேயே தங்கியிருந்தமையால், ஓதுவார் இறந்தால் ஓத்தும் இறந்துவிடும் என்ற அச்சம் பிறந்தது. அந்த அச்சமே எழுத்தாணியை எடுக்க வைத்தது. இவ்வூரின் பெரும் புகழுக்கு அடியிலே கிடப்பது பசி என்னும் பொருளியல் உண்மை என்று நான் சொன்னால், சமய அன்பர்கள் சினங்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகின்றேன்.

இவ்வூரில் குடியிருந்து உயர்தர வகுப்பு மாணவருக்குப் பொருளியல் கற்பிப்பவன் நான். ஆகவே இப்பாறைகளைப் பார்க்கும்போதெல்லாம் பாளி மொழியைவிட அரிசியின் நினைவே எனக்கு முன்னே வருகின்றது. அரிசியை நினைத்தால் விலை நினைவுக்கு வரும். விலையை நினைத்தால் இலங்கை ஈன்ற பொருளியலறிஞருள் ஒருவராகிய கலாநிதி காமனி கொரயாவை நினையாதிருக்க முடியவில்லை. அவர் மாத்தளையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த நோய் எது என்பதை அறிய விரும்புவோர் இத்தெருவில் ஒரு நாழிகை நடந்தால் போதும்.

இத்தெரு எத்தகைய தெரு? தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கும் அதற்கு அப்பாலுள்ள மலைகளுக்கும் சென்ற தெரு. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே வீழ்ந்தோர் தொகையை ஒருவரும் சரிவரக் கணக்கெடுக்கவில்லை. அவர்களை அழைத்தது கோப்பி. கோப்பியை அழைத்தது இலண்டன் சந்தை. அச்சந்தையிலே விலை உயர்ந்தபோது காடுகள் அழிந்தன, ஆட்கள் வந்தனர். விலை வீழ்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு மாத்தளையே சான்று.

1847-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாணிப நெருக்கடி ஏற்பட்டது. கோப்பி விலை சரிந்தது. இலங்கை அரசாங்கத்தின் வருமானமோ கோப்பியின் செழிப்பை நம்பியிருந்தது. துரைமார் கோப்பிமேலிருந்த ஏற்றுமதித் தீர்வையை நீக்கக் கேட்டனர், அது நீக்கப்பட்டது. திறைசேரியில் விழுந்த துவாரத்தை அடைக்க, புதிதாக வந்திருந்த தேசாதிபதி டொரிங்டன் பிரபு வேறு வழி தேடினார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி. இவற்றோடு வயதுவந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் கட்டுதல் வேண்டும் என்று ஒரு சட்டம். கோப்பிச் செடி ஒன்றேனும் இல்லாத கண்டி நாட்டுக் குடியானவன், இலண்டனில் வீழ்ந்த கோப்பி விலைக்குத் தண்டம் கட்டினான்! 1848-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28-ஆந் திகதி கலகக்காரர் மாத்தளையைத் தாக்கினர். ஆகஸ்டு 8-ஆந் திகதி புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். வரலாற்று நூல்கள் இதனை வரிக்கு எதிரான கலகம் என்றும், இழந்த முடியை மீட்கும் முயற்சி என்றும் எழுதுகின்றன. இரண்டும் உண்மையே. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகின்றேன். ஏற்றுமதிப் பண்டம் ஒன்றின் விலைவீழ்ச்சி, வரியாக உருமாறி, வெடிகுண்டாக முடிந்த கதை அது.

இந்தக் கதையின் இலக்கணத்தைத்தான் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் அமர்ந்து கொரயா ஆராய்ந்தார்.

அவர் 1925-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆந் திகதி பிறந்தவர். சிலாபத்துக் கொரயா குடும்பம் புகழ் பெற்றது. தாய் வழியில் சேர் ஜோன் கொத்தலாவலை மாமனார். கொழும்பு றோயல் கல்லூரி, இலங்கைச் சர்வகலாசாலை, பின்னர் கேம்பிரிட்ஜ், அதன்பின் ஒக்ஸ்போர்டின் நஃபீல்ட் கல்லூரி என்று கல்வி ஏறிச் சென்றது. செல்வக்குடியிற் பிறந்து, பிரதமராகவிருந்த மாமனையும் உடையவர், அரசியலில் இறங்கித் தொகுதி ஒன்றைக் கைப்பற்றியிருக்கலாம். அவர் அவ்வழி செல்லவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. கோவையும் கணக்கும் கலந்துரையாடலுமே வாழ்க்கையாயின. வாழ்க்கை வரலாறு எழுதுவோருக்கு இது வறண்ட நிலம். ஆயினும் அவர் சிந்தனையின் வரலாறு வறண்டதன்று.

அவருடைய ஒக்ஸ்போர்ட் ஆய்வு, 'ஓர் ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் தளம்பல்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு, 1975-இல் கொழும்பு மார்க நிறுவனத்தின் வெளியீடாக நூல் வடிவம் பெற்றது. அதன் கருத்தை என் மாணவர்களுக்கு நான் விளக்கும் முறை இது. ஒரு வீட்டிலே ஐந்து மக்கள்; ஒருவன் மட்டும் உழைக்கிறான்; அவனுக்குச் சம்பளம் மாதந்தோறும் மாறும்; எவ்வளவு என்பதை அவனும் அறியான், அவன் முதலாளியின் மனமே அறியும். சம்பளம் கூடிய மாதத்தில் வீட்டார் புதுத்துணி வாங்குவர், கடைக்காரர் கடன் கொடுப்பார், கோயிலுக்கு நேர்த்தி வைப்பர். குறைந்த மாதத்தில் பள்ளிக் கட்டணம் நிற்கும், மருந்து நிற்கும், தாலி அடைவுக் கடை போகும். அவ்வீட்டார் சோம்பேறிகளல்லர், ஊதாரிகளும் அல்லர். அவர்கள் திட்டமிட்டு வாழ முடியாதவாறு வருமானமே அமைந்திருக்கிறது. தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றை விற்று, உண்ணும் அரிசி முதல் உடுக்கும் துணி வரை அனைத்தையும் வாங்கிய இலங்கை அத்தகைய வீடு. விலை ஏறினால் நாட்டு வருமானமும் இறக்குமதியும் அரசிறையும் ஒருங்கே ஏறும். இறங்கினால் ஒருங்கே இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் நாட்டுக்கு வெளியே இருந்தது.

இவ்வாய்வு வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. அவர் நாடு திரும்பி அரசாங்கத் திட்டமிடற் பணியிற் சேர்ந்த காலத்திலேயே உண்மை கண்முன் நிகழ்ந்தது. 1950, 1951 ஆண்டுகளில் கொரியப் போரினால் இறப்பர் விலை வானைத் தொட்டது. போர் வேகம் தணிந்ததும் விலை விழுந்தது. அதே காலத்தில் வெளிநாட்டு அரிசி விலை ஏறியது. 1952 முடிவில் சீனத்தோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தும் திறைசேரி தேறவில்லை. 1953 ஜூலையில் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 12-ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் மூழ்கியது; உயிர்கள் பலியாயின; ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அவருக்குப் பின் பிரதமரானவர் கொத்தலாவலை. 1848-இல் கோப்பி, 1953-இல் இறப்பர். இடையில் நூற்றைந்து ஆண்டுகள். கதையின் எலும்புக்கூடு ஒன்றே.

பண்டாரநாயக்க பிரதமரானபின் அமைக்கப்பெற்ற தேசிய திட்டமிடற் சபை, 1959-இல் பத்தாண்டுத் திட்டத்தை வெளியிட்டது. அதனை உருவாக்கிய செயலகத்தின் தலைமையில் கொரயா இருந்தார். அக்காலத்துக் கொழும்பைப் பொருளியல் மாணவர் பொறாமையோடுதான் நினைக்க வேண்டும். ஜோன் றொபின்சன் அம்மையார், நிக்கலஸ் கல்டோர், குன்னார் மிர்டால் போன்ற உலகப் பேரறிஞர்கள் வந்து ஆலோசனைக் கட்டுரைகள் எழுதினார்கள். கல்டோர் கூறிய செலவு வரி 1959-இல் சட்டமாயிற்று, நீண்டகாலம் நிலைக்கவில்லை. திட்டமும் ஏட்டளவில் நின்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிரதமர் சுடப்பட்டு இறந்தார். அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியது. தொழில் வளர்த்து மூன்று பண்டங்களின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்பது திட்டத்தின் உயிர்நாடி. விடுபடுவதற்கு வேண்டிய இயந்திரங்களை வாங்க அந்த மூன்று பண்டங்களே பணம் தர வேண்டும் என்பது அதன் துயரம்.

1965 முதல் 1970 வரை திட்டமிடல், பொருளாதார அலுவல் அமைச்சின் நிரந்தரச் செயலாளராக அவர் விளங்கினார். அக்காலத்துச் செயல்களில் ஒன்றை மாத்தளை மக்கள் பெயரறியாமலே அனுபவித்தார்கள். 1968-இல் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. இதன்படி நாணயத்துக்கு இரு மாற்று வீதங்கள். அரிசி, மா போன்ற அவசியப் பொருள்களின் இறக்குமதிக்கும், தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதிக்கும் பழைய வீதம். ஏனைய ஏற்றுமதிகளுக்கு முதலில் நூற்றுக்கு 44 வீதம் மேலதிகம். மிளகு, ஏலம், கராம்பு என்பன 'ஏனைய' என்னும் அந்தச் சிறுசொல்லுக்குள் அடங்கின. வேலிக் கிளுவையில் மிளகுக்கொடி ஏற்றியிருந்த கிராமத்தவனுக்கு அது மழை. மூன்று பெரும் பண்டங்களை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்ற ஒக்ஸ்போர்ட் ஆய்வின் முடிவு, நாணய மாற்று வீதமாக உருக்கொண்டு இவ்வூர்த் தோட்டங்களுக்கு வந்தது எனலாம். தேயிலைத் தோட்டத்துக்கு அந்த மழை பெய்யவில்லை. கூப்பன் அரிசி மலிவாய்க் கிடைத்தது மட்டுமே ஆறுதல்.

இவ்விடத்தில் என் மனத்திலுள்ள குறையையும் சொல்லிவிடுதல் நேர்மை. தேயிலையின் விலை, தேயிலையின் தளம்பல், தேயிலை தரும் அரசிறை என்பனவற்றைப் பற்றி அக்காலத்து அறிஞர்கள் நுட்பமாக எழுதினார்கள். தேயிலை பறித்தவள் யார் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழர் பெருந்தொகையினர் நாடற்றவராயினர். 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரை 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னொருகால் என்று பங்கிட்டது. பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல் மக்களைப் பிரித்த ஆண்டுகளும் நாட்டுக்குத் திட்டம் தீட்டிய ஆண்டுகளும் ஒன்றே. கொரயா ஒருவர்மேல் இக்குற்றத்தைச் சுமத்துவது முறையன்று. அவர் சட்டம் இயற்றியவரல்லர். ஆயினும் விலையையே நோக்கும் பொருளியலுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. இன்னோர் இலங்கை அறிஞரான எஸ். பி. டி. டி சில்வா 1982-இல் வெளியிட்ட 'குறைவிருத்தியின் அரசியற் பொருளாதாரம்' என்ற பெருநூலில், நோய் சந்தை விலையில் மட்டுமன்றித் தோட்டமுறையின் அமைப்பிலேயே இருக்கின்றது என்று வாதித்தார். மலிந்த உழைப்பு தாராளமாய்க் கிடைக்கும் வரை முதலாளி இயந்திரத்தையும் திறனையும் தேடமாட்டான். ஆகவே நூறாண்டு ஏற்றுமதி செய்தும் தோட்டம் நாட்டை மாற்றவில்லை. இவ்விரு அறிஞரையும் ஒருசேரப் படித்தாலன்றி மாத்தளை மலை விளங்காது என்பது என் துணிபு.

1970-க்குப் பின் அவர் மத்திய வங்கியில் உதவி ஆளுநராகவும் பின்னர் ஐரோப்பாவில் தூதுவராகவும் பணியாற்றினார். 1971-இல் சுவிற்சர்லாந்தின் ஃபூனே என்ற சிற்றூரில் கூடிய அறிஞர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். சுற்றாடலைக் காத்தலும் வறுமையை நீக்கலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அக்குழு அளித்த அறிக்கை மறு ஆண்டு ஸ்டொக்ஹோம் மகாநாட்டுக்கு அடிப்படையாயிற்று. இன்று மேடைதோறும் பேசப்படும் பொருள் அன்று புதுமை. 1972-இல் ஐக்கிய நாடுகளின் கொக்கோ மகாநாட்டுக்குத் தலைவராகி, முதலாவது சர்வதேசக் கொக்கோ உடன்பாட்டை உருவாக்க உதவினார். கொக்கோ மாத்தளைக்கும் தும்பறைக்கும் பழைய உறவுப் பயிர் என்பதனால் இதைக் குறிப்பிட ஆசை.

1974 ஏப்ரலில் அவர் ஜெனீவாவிலுள்ள ஐக்கிய நாடுகள் வாணிப அபிவிருத்தி மகாநாட்டின், அதாவது அங்டாட்டின், பொதுச் செயலாளரானார். ஆர்ஜென்டினாவின் ராவுல் பிரெபிஷ் முதலாமவர், வெனிசுவேலாவின் பெரெஸ் கெரேரோ இரண்டாமவர், மூன்றாமவர் கொரயா. அப்பதவியில் அமர்ந்த முதல் ஆசியர் அவரே.

அவ்வாண்டை மலையகத்து முதியோர் மறக்கமாட்டார்கள். 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தது. உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் பன்மடங்கு விலையேறின. தேயிலை மட்டும் ஏறவில்லை. பங்கீடு குறைக்கப்பட்டது. வயலற்ற, காணியற்ற, உறவுக் கிராமமுமற்ற தோட்டத் தொழிலாளரைப் பசி முதலிற் பிடித்தது. 1974-இல் தோட்டங்களில் மரணவீதம் பாய்ந்து ஏறியதைப் புள்ளிவிபரங்களே காட்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின்போது மாத்தளை, கண்டி, கேகாலைப் பகுதிகளில் லயங்களை இழந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு இதே வடபாதையால் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. முப்பாட்டன் நடந்து வந்த தெருவிலே பேரன் திரும்பி நடந்தான். ஜெனீவாவில் கொரயா கையிலெடுத்த பிரச்சினைக்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை. நாம் விற்பது மலிகின்றது. நாம் வாங்குவது உயர்கின்றது.

அவர் தீட்டிய மருந்து 'பண்டங்களுக்கான ஒருங்கிணைந்த திட்டம்'. நம் கிராமத்து வழக்கை நினைத்தால் இது எளிதில் விளங்கும். அறுவடை நாளில் நெல் குவியும். கடன்காரன் வாசலில் நிற்பான். வந்த விலைக்கு விற்க வேண்டும். ஐந்து மாதம் கழித்து அதே நெல்லை இருமடங்கு விலைக்கு வாங்க வேண்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு களஞ்சியம் இருந்து, மலிந்தபோது வாங்கி வைத்து, அருகியபோது வெளியே விட்டால், விற்பவனும் பிழைப்பான், உண்பவனும் பிழைப்பான். இதற்குத் தாங்கு இருப்பு என்று பெயர். ஒரு பண்டத்துக்குத் தனியாகக் களஞ்சியம் கட்டினால் செலவு பெரிது. நெருக்கடி வந்தால் பணம் போதாது. பல பண்டங்களின் விலை ஒரே நாளில் விழுவதில்லை என்பதால், எல்லாக் களஞ்சியத்துக்கும் பொதுவாக ஒரு பணப்பெட்டி இருந்தால் அது வலிமையுடையதாகும். அந்தப் பணப்பெட்டியே பொது நிதியம். தேயிலை, கோப்பி, கொக்கோ, சீனி, பருத்தி, சணல், இறப்பர், கடினநார், செம்பு, வெள்ளீயம் என்னும் பத்தும் நடுநாயகமாக, மொத்தம் 18 பண்டங்கள் வகுக்கப்பட்டன. வேண்டிய தொகை 600 கோடி டாலர் என மதிக்கப்பட்டது.

1976 மே மாதத்தில் நைரோபியில் அங்டாட்டின் நான்காவது மகாநாடு கூடியது. எழுபத்தேழு நாடுகளின் குழு என வழங்கிய வளர்முக நாடுகள் கொரயாவின் திட்டத்தைத் தம் கொடியாக உயர்த்தின. அமெரிக்காவின் கிசிஞ்சர் நேரில் வந்து, இதற்கு மாற்றாக மூலவள வங்கி ஒன்றை அமைக்கலாம் என்றார். முடிவில் திட்டம் தீர்மானமாயிற்று. அதன்பின் நான்கு ஆண்டுகள் பேச்சு, பேச்சு, பேச்சே. 600 கோடி தேய்ந்தது. 1980 ஜூனில் உடன்பாடு உருவானபோது களஞ்சியங்களுக்கென நின்றது 40 கோடி. தங்க ஒட்டியாணம் செய்யக் கொடுத்த பொன் மூக்குத்தியாகத் திரும்பி வந்த கதைதான்! அதுவும் நடைமுறைக்கு வர 1989 ஆயிற்று. அமெரிக்கா அதனை இறுதிவரை ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

அதற்குள் களஞ்சியங்களே இடிந்துகொண்டிருந்தன. 1985 ஒக்டோபரில் வெள்ளீய உடன்பாட்டின் பணம் தீர்ந்து அது நிலைகுலைந்தது. 1989 ஜூலையில், நிதியம் பிறந்து ஒரு மாதத்துக்குள், கோப்பிக்கான பங்கீட்டு முறை கைவிடப்பட்டது. 1979-இல் இத்திட்டத்தின் கீழ்ப் புதிதாகப் பேசி முடித்த பெரிய உடன்பாடு இறப்பருக்கு உரியது. அது ஏறக்குறைய இருபதாண்டு இயங்கி 1999-இல் கலைந்தது. தேயிலைக்கோ அத்தகைய உடன்பாடு வரவேயில்லை. 1933-இல் துரைமார் தமக்குள் செய்துகொண்ட தேயிலைக் கட்டுப்பாடு நடந்தது. சுதந்திர நாடுகள் முயன்றபோது இந்தியா, இலங்கை, கென்யா மூன்றும் பங்கு பிரிப்பதில் ஒன்றுபடவில்லை. பழைய தோட்டக்காரர் தம் பங்கைக் காக்க நினைத்தனர். புதிய தோட்டக்காரர் வளரும் பங்கைக் கேட்டனர். வடதிசை நாடுகளையே குறைகூறுவோர் இதையும் கருத வேண்டும்.

கொரயா 1984 இறுதியில் ஜெனீவாவை விட்டு நீங்கினார். காலம் மாறிவிட்டது, சந்தையே எல்லாம் அறியும் என்ற கொள்கை அரசோச்சத் தொடங்கியிருந்தது. ஆயினும் அவர் ஓய்ந்து விடவில்லை. ஜூலியஸ் நியெரேரே தலைமையிலமைந்த தென்னக ஆணைக்குழுவில் உறுப்பினராயிருந்தார். 1992-இல் பண்டச் சந்தைகளை அடக்குதல் பற்றித் தம் அனுபவத்தை நூலாக்கினார். 2008-இல் தம் வாழ்க்கை நினைவுகளை வெளியிட்டார். 2013 நவம்பர் 3-ஆந் திகதி, எண்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாகக் காலமானார்.

அவரைத் தோற்றவர் என்று சொல்லலாமா? ஆசிரிய நண்பர் ஒருவர் அப்படித்தான் என்னிடம் வாதிட்டார். நான் உடன்படவில்லை. பண்டங்களின் விலை தெய்வச் செயல் போன்றது, பேசித் தீர்க்கத்தக்கதன்று என்று இருந்த எண்ணத்தை மாற்றி, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளை ஒரு மேசையில் இருத்தி, அதைப் பேச்சுக்குரிய பொருளாக்கியது சிறிய காரியமன்று. ஆனால் நண்பர் கேட்ட இன்னொரு கேள்விக்கு எனக்கு இன்றும் விடை தெளியவில்லை. தேயிலை விலை உறுதியாக நின்றிருந்தால் கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் உயர்ந்திருக்குமா? விலை விழுந்தபோதெல்லாம் அந்த வீழ்ச்சி லயத்து அடுப்புவரை தவறாமல் வந்து சேர்ந்தது. விலை ஏறியபோது அந்த ஏற்றம் வழியிலே எங்கோ தங்கிவிட்டது. உறுதியான விலை வேலிதான். வேலி போட்டவன் விளைச்சலைப் பங்கிடும் முறையையும் சொல்லவில்லை.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் இறுப்பை நிறுத்தியது. டாலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த மாற்று வீதம் சில கிழமைகளில் 360-ஐ எட்டியது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்நாட்களில் கொரயாவின் ஆய்வு நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். மூன்று பண்டங்களின் இடத்தில் ஆடைத் தொழிலும், உல்லாசப் பிரயாணிகளும், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் அனுப்பும் பணமும் வந்திருக்கின்றன. வீட்டில் உழைப்பவன் மாறியிருக்கிறான். அவன் சம்பளத்தை வெளியிலிருந்தே யாரோ தீர்மானிக்கும் நிலை மாறவில்லை. கடன் என்ற புதிய பாரம் வேறு. அந்நூலின் பட்டியல்களிலுள்ள எண்கள் பழையன, வாதம் பழையதன்று.

பொது நிதியம் இன்று அம்ஸ்டர்டாமில் இருக்கின்றது. களஞ்சியம் காக்கும் வேலை அதற்கு இல்லாமற் போனபின், சிறு விவசாயிகளுக்கான பண்ட அபிவிருத்தி முயற்சிகளுக்குப் பணம் உதவி வருகின்றது. இதை வகுப்பிலே சொல்லி, அந்த 18 பண்டங்களின் பெயரையும் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் வீட்டார் இவ்வூரிலே மிளகு உலர்த்தி விற்பவர்கள்.

"சேர், இதில் மிளகு இல்லையே?"

இல்லை. இறைச்சி இருக்கிறது, வாழைப்பழம் இருக்கிறது, பொஸ்பேற்று இருக்கிறது, மிளகு இல்லை. உலக வாணிபத்தில் அதன் தொகை சிறிது என்பதே காரணமாயிருக்கலாம் என்றேன். 1972-இலேயே இந்தியாவும் இந்தோனேசியாவும் மலேசியாவும் தம்முள் மிளகுக்கென ஒரு சமூகத்தை அமைத்துக்கொண்டதையும், இலங்கை பிற்காலத்தில் அதிற் சேர்ந்ததையும் சொன்னேன். அது விலையை நிறுத்தி வைக்குமா என்று கேட்டாள். வைக்காது, செய்தி பரிமாறும், தரம் வகுக்கும், புள்ளிவிபரம் திரட்டும் என்றேன். அவள் அந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.